மத்தியானச் சாப்பாட்டைக் கவனி, பிள்ளை

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின வீடியோவை இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். உன் நாய்க்குட்டி கழுத்தை நீட்டிக்கொண்டு மூக்கால் 'குர்ர், குர்ர்' என்று மூச்சை இழுப்பது இழுப்பு வருத்தம் இல்லை. தும்மல் வெளியே போகாமல் உள்ளுக்கு இழுபடுகிறது, அவ்வளவுதான். பொமரேனியன் மாதிரிச் சின்ன இனங்களில் இது சாதாரணம். சோளகம் கிளப்புகிற புழுதியும் சாம்பிராணிப் புகையும் இதைத் தூண்டும். தொண்டையை மெல்லத் தடவிவிட்டால் ஒரு நிமிசத்துக்குள் அடங்கும். வாத்துக் கத்துகிற மாதிரி வறட்டு இருமல் வந்தால் கதை வேறு, மூச்சுக்குழலைக் காட்ட வேண்டும். எதற்கும் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டி வாங்கு.

நாள் முழுக்க நித்திரை, நித்திரையில் கால் உதறல், விக்கல்: இதுகளை விடு. உடம்பு சுடுகுது என்றும் எழுதியிருந்தாய். நாய்க்கு 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணச் சூடு. எங்கள் கைக்கு அது காய்ச்சல் மாதிரித்தான் தெரியும். அதை நம்பிப் பனடோல் கொடுத்துவிடாதே, ஈரலையும் இரத்தத்தையும் கெடுத்துவிடும்.

எனக்குப் பயம் நீ கேட்காமல் விட்ட ஒன்றில்தான். காலை ஏழுக்குப் பள்ளிக்கூடம் போனால் பின்னேரம் இரண்டுக்குத்தானே வருகிறாய்? ஒரு கிலோவும் இல்லாத ஒன்பது கிழமைக் குட்டி ஏழு மணித்தியாலம் வெறுவயிற்றோடு கிடக்கக் கூடாது. அதன் ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு, பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், நடுக்கம், கடைசியில் வலிப்பு. நாலு மாதம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் சாப்பாடு வேண்டும். பத்தரை மணிபோல் பக்கத்து வீட்டு அன்ரியை ஊறவைத்த குட்டித் தீனி கொஞ்சம் வைக்கச் சொல். இரவு படுக்கமுன்னும் ஒரு வாய் கொடு. பசுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும்.

தள்ளாடினால் இரண்டு தேக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்து, விரலில் தொட்டுப் பல் முரசில் தேய். வாய்க்குள் ஊற்றாதே, நினைவில்லாமல் கிடந்தால் சுவாசப்பைக்குள் போய்விடும். துணியால் சுற்றிச் சூடாக வைத்திரு. பத்து நிமிசத்தில் தெளிந்தால் சாப்பாடு கொடு. தெளிந்தாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டு, பூச்சியோ வேறு வருத்தமோ பின்னால் இருக்கலாம்.

கிழமைக்கு இரண்டு தரமாவது சமையல் தராசில் நிறுத்து எழுதிவை. வளர்கிற குட்டியின் நிறை இறங்கவே கூடாது. பூச்சி மருந்தும் அந்த நிறைக்குத்தான் அளந்து கொடுப்பார்கள்.

ஒரு ஊசி போட்டாயிற்று என்று றோட்டில் நடக்க விடாதே. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு ஊசியின் வேலையைத் தடுக்கும், அதனால்தான் 16 கிழமை வரை மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் திருப்பிப் போடுகிறார்கள். குடலைத் தாக்குகிற பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், தெருநாய் போன இடமெல்லாம் அதுக்கு இடம். வெளியே கொண்டுபோனால் தூக்கிக்கொண்டு போ. சத்தியும் நாறுகிற இரத்தக் கழிச்சலும் கண்டால் விடியட்டும் என்று பார்த்திராதே. வயல் பக்கம் எலிக்காய்ச்சலும் உண்டு, அதுக்கும் ஊசியில் சேர்ந்திருக்கா என்று கேள். விசர் ஊசி தனி.

உண்ணியைக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடி, சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. மாட்டுக்கு அடிக்கிற மருந்தைத் தொட விடாதே, இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது. முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினாலோ, மூத்திரம் கோப்பி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே கொண்டுபோ.

ஊசி அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடுத்த திகதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா