நிறவெறி பற்றிப் பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

நான் திருகோணமலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. கறுப்பின மக்கள் மீது நம்மவரிடம் ஊறியிருக்கும் இளக்காரத்தைப் பற்றி எங்கள் வயதுக்காரர் இருந்து படிக்க வேண்டும் என்றும், அதற்கான வகுப்புகள் எங்கள் ஊரிலேயே தமிழில் தொடங்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். என்னை எழுத வைத்தது நானே செய்த ஒரு பிழை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகனுடைய குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. கடந்த கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பதினான்கு வயதுப் பேத்தியோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழி, ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, நான் அனுப்பிய முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். “அந்தக் காப்பிலிப் பிள்ளையையே எந்நேரமும் பக்கத்தில வைச்சிருக்கிறாய், வேற சிநேகிதம் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று பேத்தியிடம் விசாரித்தாள். பேத்தி ஒரு கணம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்பம்மா உன்ரை பேரைக் கேக்கிறா” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் பெயரை, எனக்கு விளங்கட்டும் என்று, இரண்டு தரம் மெதுவாகச் சொன்னாள்.

என் மானத்தைக் காப்பாற்ற என் பேத்தி பொய் சொல்ல வேண்டி வந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

‘காப்பிலி’, ‘காப்பிரி’ என்பவை எங்கள் வாயில் எப்படி வந்தன என்று அதன் பின்னர்தான் தேடிப் பார்த்தேன். இறை நம்பிக்கை இல்லாதவரைக் குறித்த அரபுச் சொல்லைப் போர்த்துக்கேயர் ஆபிரிக்கர் மீது சுமத்தினர்; அவர்களிடமிருந்து அது எங்களிடம் வந்தது. அந்தச் சொல்லுக்குரியவர்களாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் தாமாக வந்தவர்கள் அல்லர். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கப்பலேற்றப்பட்டனர். பிரித்தானியரும் ஆபிரிக்கரை விலைக்கு வாங்கித் தம் இலங்கைப் படைப்பிரிவுகளில் சேர்த்தனர். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். எங்கள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அந்த மரபினர் பறங்கிக் குடும்பங்களோடு கலந்திருக்கின்றனர். கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்த கதையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன். அதே ஆட்சியால் ஊரும் பெயரும் பறிக்கப்பட்டு இங்கே கொண்டுவந்து தள்ளப்பட்ட மனிதரைப் பற்றி ஒரு பாடவேளைகூடப் பேசியதில்லை. சிரம்பியடி மக்கள் தம்மைக் குறிக்க அச்சொல்லைத் தாமே பயன்படுத்துவதுண்டு. அது அவர்களுக்குரிய உரிமை, நமக்குரியதன்று. தென்னாபிரிக்காவில் 2018 ஆம் ஆண்டு அதே சொல்லைப் பொலிஸார் மீது திரும்பத் திரும்ப வீசிய ஒருவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது.

‘இனவாதம்’ என்ற சொல்லை எங்களைப்போல் நாளாந்தம் உச்சரிப்பவர்கள் குறைவு. தமிழருக்கு எதிரான கலவரங்கள் நடந்த 1958, 1977, 1983 என்று ஆண்டைச் சொன்னாலே போதும், எங்கள் வீடுகளில் யார் எங்கே ஒளித்திருந்தார்கள், எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்ற கதை வந்துவிடும். அந்தச் சொல் எப்போதும் எங்களுக்குச் செய்யப்பட்டதையே குறிக்கிறது. நாங்கள் செய்வதற்கு அது பொருந்தும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அடிமைமுறை எங்கோ அத்திலாந்திக் கரையில் மட்டும் நடந்ததன்று. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. அவர்கள் எந்தெந்தச் சாதியினர் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல்தான். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த பழக்கமே கனடாவுக்கும் இலண்டனுக்கும் எங்களோடு விமானமேறி, அங்கே தோலின் நிறத்தைப் பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

அறிவியல் இந்தத் தரம் பிரிப்பை எப்போதோ கைவிட்டுவிட்டது. தோலின் நிறம் மெலனின் என்ற நிறமியின் கூடுதல் குறைவு. இந்தத் தரம் பிரிப்புக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று யுனெஸ்கோ 1950 இலேயே இனம் பற்றிய தன் அறிக்கையில் சொல்லிவிட்டது. இதை ஒரு மணித்தியாலத்தில் படிப்பித்துவிடலாம். படிப்பிக்க நாளெடுப்பது வேறு.

மகன் கோணேசர் திருவிழாவுக்கு வந்தபோது என் கையில் தந்துவிட்டுப் போன ஒரு பத்து டொலர் தாள் அலுமாரிக்குள் சாமிப்படத்துக்குக் கீழே ஓராண்டாகக் கிடந்தது. என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அழைத்தபோது பேத்தி என்னிடம், “அந்தக் காசை எடுத்துப் பாருங்கோ அப்பம்மா” என்றாள். ஊதா நிறத்தில் நெடுக்காக அச்சிடப்பட்ட தாள். அதில் இருக்கும் பெண்மணியை நான் அரசியார் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எண்ணியிருந்தேன். அவர் வயோலா டெஸ்மண்ட், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின அழகுக்கலை நிபுணர். 1946 நவம்பரில் வழியில் கார் பழுதாக, நேரத்தைப் போக்கப் படமாளிகை ஒன்றுக்குச் சென்று கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்கிறார். கீழ்த்தளம் வெள்ளையருக்கு என்று இழுத்து வெளியேற்றி, இரவு முழுவதும் மறியலில் வைத்தார்கள். வழக்கிலோ நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேல்மாடி இருக்கைக்கும் கீழ்த்தள இருக்கைக்கும் இடையிலான ஒரு சத வரி வித்தியாசத்தைக் கட்டவில்லை என்று குற்றஞ்சாட்டித் தண்டம் அறவிட்டார்கள். அவர் இறந்து பல காலத்தின் பின், 2010 இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. தாளில் முகம் வந்தது 2018 இல். எங்களுடைய பிள்ளைகள் மாதாமாதம் உழைத்து அனுப்பும் காசில் இருப்பது யாருடைய முகம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கதையும் அப்படியே. கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்கமாட்டோம் என்று நின்ற கம்பனிக்கு எதிராக, 1963 இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியோர் நான்கு மாதம் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். கம்பனி பணிந்தது. அதன்பின் அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்ட முதலாவது வெள்ளையரல்லாத நடத்துனர், ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இலண்டனில் எங்கள் பிள்ளைகள் வேலை கேட்டுப் போகுமுன் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்கள் யார் என்பதை அறிந்தபின்னும் ‘அதுகளோட சேராதை’ என்று தொலைபேசியில் புத்தி சொல்ல எங்களுக்கு நா எழுமா?

ஆகவே என் கோரிக்கை இது. கல்வித் திணைக்களத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு தையலும் கணினியும் பெரியவர்களுக்குக் கற்பிக்கிறது. அதே முறையில் ஆறு சனிக்கிழமைகள், பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம், இந்த விடயத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். நூலகம், மாதர் சங்கம், முதியோர் சங்கம் எதுவும் இதை நடத்தலாம். அது விரிவுரையாக இருந்தால் பயனில்லை. எங்கள் வாயிலிருக்கும் சொற்களை, ‘காப்பிலி’, ‘கறுவல்’ என்பவற்றை, கரும்பலகையில் எழுதி, எங்கே எப்போது யாரைப் பற்றிச் சொன்னோம் என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லவேண்டும். அதுதான் கடினம், முதலாவது நாளே பலர் எழுந்து போய்விடக்கூடும். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். ஊரிலுள்ள ஆபிரிக்க மரபினர் விரும்பினால் வந்து பேசட்டும்; எங்களைத் திருத்துவது அவர்களுடைய வேலையன்று என்பதால் வற்புறுத்தக் கூடாது.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பகுதியில் ‘சிவந்த நிறம்’ என்று அச்சிடுவதை நிறுத்தும் முடிவை முதலில் தாங்கள் எடுத்தால், அது எங்கள் வகுப்புக்கு முதற் பாடமாக அமையும்.

நூலகத்தில் இடம் கிடைக்கும் வரை எங்கள் வீட்டு விறாந்தையில் பதினைந்து பேர் தாராளமாக இருக்கலாம். ஒரு கரும்பலகையும் இருக்கிறது. தை மாதத்து முதலாவது சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்குவதாக அயலவர் ஐவருக்குச் சொல்லியிருக்கிறேன். மூவர் வருவதாகச் சொன்னார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.