விசாலாட்சிக்கு

சிவமயம்

காரைக்குடி

அன்பு விசாலாட்சிக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. அப்பச்சி சுகம். மருந்துக்கடை வழக்கம்போல் நடக்கிறது.

நீ விட்டுப்போன பையைத் துவைக்க எடுத்தேன். பக்கத்துப் பையில் பிசகோடில் என்கிற பேதி மாத்திரை அட்டை மூன்று. முப்பது குழியும் காலி.

மலச்சிக்கல்தான் என்றால் முறையைக் கேட்டுக்கொள். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, படுக்கப்போகும்போது. அதற்கும் போகவில்லை என்றால் மறுநாள் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். போகவில்லையே என்று நடுராத்திரியில் இன்னொன்று போடாதே. கடிக்காமல் முழுசாக விழுங்கு. அதன் மேல்பூச்சு குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும். பாலோடு போட்டால் இரைப்பையிலேயே கரைந்து வயிற்றை முறுக்கும். நீ ராத்திரி பால் குடிக்கிறவள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. நெஞ்செரிச்சல் மருந்துக்கும் அப்படித்தான். டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. நிலாவரைப் பொடி நாட்டு மருந்துதானே என்று அதற்கு மாறாதே, அதுவும் குடலைத் தூண்டுகிற சரக்குதான்.

இரும்புச்சத்து மாத்திரை ஏதும் போடுகிறாயா? அதுவே இறுக்கும். காலைப் பலகாரம் சாப்பிட்ட கையோடு போய் உட்கார், காலுக்கடியில் பலகை வை. மாத்திரை ஒரு வாரம்தான், மறக்காதே.

வேறு எதற்காவது போடுகிறாய் என்றால், சாப்பாட்டின் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். இது வேலை செய்வது அதற்கப்புறம் வருகிற பெருங்குடலில். வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். எடை இறங்கியதுபோல் காட்டும், தண்ணீர் குடித்ததும் ஏறிவிடும். பொட்டாசியம் குறைந்தால் கைகால் ஓய்ந்துபோகும், இருதயத் துடிப்பே தடுமாறும். தீபாவளிக்கு வந்தபோது மாடிப்படியில் பாதியில் நின்றாயே.

வைகாசியில், வளவில் அத்தனை பேர் இருக்க, "சீலை கட்டினால் இடுப்பே தெரியவில்லை" என்று சொன்னவள் நான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டாய், அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் எதற்கு இந்த மாத்திரை என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். உன்னை ஒன்றும் கேட்கவில்லை. தப்பு என்மேல்தான், ஆத்தா.

தினம் போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் எண்ணிக்கையைச் சொல். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல். நிறுத்தினதும் கொஞ்ச நாள் கால் வீங்கலாம், சிக்கலும் இருக்கும். பயந்து மறுபடி போடாதே. எனக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

மாவுருண்டை பிடித்து வைத்திருக்கிறேன். நீ கேட்டால் அனுப்புகிறேன்.

ஆத்தா