'யாயும் ஞாயும்' யார்? திரைப்பாட்டுப் புதிர் நடத்தும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் நடத்திய திரைப்பாட்டுப் புதிர்ப் போட்டியைப் பார்க்க வந்தவர்களுள் நானும் ஒருத்தி. 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே' பாட்டில் வரும் 'யாயும் ஞாயும்' என்பதற்கு 'நானும் நீயும்' என்பதே விடை என்று அறிவித்தீர்கள். 'என் அம்மாவும் உன் அம்மாவும்' என்று சொன்ன மாணவிக்கு மதிப்பெண் தரவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி.

யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். வைரமுத்து இச்சொற்களைக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டிலிருந்து எடுத்தாண்டிருக்கிறார். ஐந்தே அடிகள் கொண்ட அப்பாட்டின் முதலடி தாயர் இருவரையும், 'எந்தையும் நுந்தையும்' என்று தொடங்கும் இரண்டாமடி தந்தையர் இருவரையும் சொல்லி முடித்த பிறகே, மூன்றாமடியில் 'யானும் நீயும்' என்று காதலர் வருகிறார்கள். திரைப்பாட்டில் தந்தையர் அடி இல்லை. தாயருக்கு அடுத்து உடனே காதலர் வந்துவிடுவதால், பழஞ்சொல்லில் ஒரு முறையும் தெரிந்த சொல்லில் ஒரு முறையும் 'நானும் நீயும்' என்றே பாடுகிறார்கள் போலும் என்று கேட்பவர் எண்ணிவிடுகிறார். தேவார வகுப்பில் 'எந்தை' என்று பாடிப் பழகிய நம் பிள்ளைகளின் காதில் அந்த விடுபட்ட அடி விழுந்திருந்தால், இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திராது. ஐயமிருந்தால் கேட்டுக்கொள்ள, தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் தலைமை வகித்த இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் நான்காம் நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.

அதே பாட்டின் 'அற்றைத் திங்கள்' பற்றியும் சொல்ல வேண்டும். 'நிலா அற்ற இரவு' என்ற விடையை நீங்கள் மறுத்தது முறையே; அற்றை என்பது அன்றை என்பதன் பழைய வடிவம். ஆனால் 'அன்றைய நிலா' என்ற உங்கள் விடையையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. திங்களே நிலாவானால், அடுத்து வரும் 'அந்நிலவில்' என்ற சொல்லுக்கு என்ன வேலை? இத்தொடரின் மூலமான புறநானூறு 112ஆம் பாட்டில் திங்கள் என்பது மாதம். நிலவு என்பது நிலவொளி. மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டிருந்த அந்த மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தை இருந்தார், இந்த மாதத்து நிலவிலோ அவரும் இல்லை, மலையும் எங்களுடையதன்று என்று பாரியின் மகளிர் புலம்பும் கையறுநிலைப் பாட்டு அது. அதன் முதற்சொற்களை எடுத்துக் காதலன் வாயில் வைத்திருக்கும் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அதே பாட்டில் வரும் 'தரளம்' என்பது முத்து. அதை 'திரள' என்று பாடுவோரைக் கரவோக்கே மேடைகளில் கேட்டிருக்கிறேன். 'காதலன்' படப் பாட்டில் வரும் 'முக்காபலா' என்பதற்குப் போட்டி என்று நீங்கள் சொன்ன விடையில் குறையில்லை.

அடுத்த சுற்றுக்கு ஒரு கேள்வி தருகிறேன். அதே குறுந்தொகைப் பாட்டின் 'செம்புலப் பெயல்நீர்' (செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்) 'நறுமுகையே' திரைப்பாட்டில் 'செம்புலம் சேர்ந்த நீர்த்துளி' என்று மாறியபோது, மழையைக் குறிக்கும் 'பெயல்' விடுபட்டது. அதனோடு வேறு எது விடுபட்டது? புலவரின் பெயர். இயற்பெயர் தெரியாத அவரை, அவர் சொன்ன உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். இதற்கு விடை சொல்பவருக்கு இரண்டு மதிப்பெண் தரலாம் என்பது என் கருத்து.

அன்புடன்,
பார்வையாளர் வரிசையிலிருந்த அக்கா