டைல்ஸ் வாங்கும் முன் ஒரு வார்த்தை

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் பூச்சுவேலை முடிந்து, இனித் தரை போடுவதுதான் பாக்கி என்றும், பேத்தியின் பிடிவாதத்தால் இரண்டு மாத லாப்ரடார் குட்டி ஒன்று வந்து சேர்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். நீ இவற்றைத் தனித்தனிச் செய்திகளாக எழுதியிருந்தாலும், எனக்கு இரண்டும் ஒரே செய்தியாகவே பட்டன.

எங்கள் நாய் கறுப்பனை உனக்கு நினைவிருக்கும். மகள் கல்யாணத்துக்காகப் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கொத்தியெடுத்துவிட்டு, முகம் தெரியும்படி மின்னும் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டோம் அல்லவா, அந்த ஆண்டிலிருந்தே அவன் நடை மாறிவிட்டது. எழுந்திருக்கும்போது முன்னங்கால்கள் பக்கவாட்டில் விலகிப் போகும்; நகத்தால் தரையைப் பற்றப் பார்ப்பான்; கிறீச்சென்ற ஓசை மட்டுமே மிஞ்சும். கூடத்தின் நடுவே வராமல் சுவரோரமாகவே ஒதுங்கி, வாசல் மிதியடியிலிருந்து சமையலறைச் சாக்குவரை எட்டி எட்டிக் கால் வைத்துப் போவான். வயதாகிவிட்டது, சோம்பல் என்று நாங்கள் சிரித்தோம். பின்னந்தொடை சூம்பிய பிறகே மருத்துவரிடம் கொண்டுபோனோம் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் விளங்கியது. நமக்குத் தோளை உடலோடு பிணைக்கக் காறை எலும்பு இருப்பதுபோல் நாய்க்கு இல்லை. அதன் முன்னங்கால்கள் தசைகளால் மட்டுமே உடலோடு கட்டப்பட்டிருக்கின்றன, உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அக்கால்களே சுமக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சறுக்கலிலும் இழுபடுவது அந்தத் தசைகள்தாம். சறுக்கும் என்ற அச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு குட்டையாக அடி வைக்கும் நாய்க்குத் தசை முழுதாக வேலை செய்வதில்லை. வேலையற்ற தசை சூம்பினால் அதன் சுமையும் மூட்டின்மேல் விழுகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது, அசைவின்போதுதான் அது மூட்டுநீரிலிருந்து ஊட்டம் பெறுகிறது என்பதால், நடக்கப் பயந்து படுத்தே கிடப்பதும் கேடுதான்.

உன் குட்டிக்கு இன்னும் கவனம் வேண்டும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வரக்கூடியது. எல்லாப் பழியையும் தரையின்மேல் போட முடியாது. ஆனாலும் நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட பெரிய இனக் குட்டிகளை ஆராய்ந்தபோது, பிறந்த மூன்று மாதத்துக்குள் படி ஏறி இறங்கியவற்றுக்கு இக்குறைபாடு கூடுதலாகவும், வெளியில் சங்கிலியின்றி ஓடியாடியவற்றுக்குக் குறைவாகவும் கண்டார்கள். எனவே சில மாதம் மாடிப்படிக்கு ஒரு தடுப்பு வைத்துவிட்டு, தோட்டத்து மண்ணில் அதை அதன் போக்கில் விளையாட விடு.

வளர்ந்த நாய்க்குக் கடற்கரை நல்லதுதானே என்று கேட்பாய். தேவனாம்பட்டினத்தில் நான் கண்டவரை, கால் புதையும் காய்ந்த மணலில் கறுப்பன் விரைவில் களைத்துவிடுகிறான். அலை நனைத்து இறுகிய ஓரத்தில்தான் சீராக நடக்கிறான். உங்கள் கடற்கரைச் சாலையில் காலை நடை போகலாம். ஆனால் அந்தக் கெட்டித் தரையில் பந்தெறிந்து, பாய்ந்து திரும்பச் செய்யாதே. வெயில் ஏறிய தார்ச்சாலையில் உன் புறங்கையை வைத்துப் பார். உனக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

டைல்ஸில் பளபளப்பில்லாத, சற்றுச் சொரசொரப்பான வகையைக் கேள். மாதிரித் துண்டில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் வெறுங்காலால் நடந்து பார். நம் வயதில் அது நமக்கும் உதவும். நான் முதலில் கூடத்தில் கோரைப்பாய் விரித்தேன். பாயே நாயோடு சேர்ந்து வழுக்கியது. இப்போது அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை வாசலிலிருந்து சாப்பாட்டுத் தட்டுவரை வரிசையாகப் போட்டு, நகத்தையும் விரலிடுக்கு முடியையும் தவறாமல் வெட்டிவிடுகிறேன். நேற்று மாலை கேட் திறக்கும் ஓசை கேட்டுக் கறுப்பன் பல மாதங்களுக்குப் பிறகு கூடத்தின் நடுவே ஓடி வந்தான்.

எந்த ஞாயிறு கடைக்குப் போகிறாய் என்று எழுது. நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்