கூப்பிட்டதும் வரும் வண்டி எங்களுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 12 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் ராத்திரி காய்ச்சல் ஏறிவிட, ஆஸ்பத்திரிக்குப் போகச் செயலியில் கார் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் நாற்காலியைப் பார்த்ததும் கண்ணாடியைக்கூட இறக்காமல் ரத்து செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்து வந்தவர் நல்ல மனுஷர், இறங்கி வந்து "தூக்கி உட்கார வைக்கட்டுமா?" என்று கேட்டார். என்னைத் தூக்கிவிடலாம், சரி, நாற்காலியை என்ன செய்வது? பேட்டரியில் ஓடுவது, மடக்க முடியாது, எடை 100 கிலோவுக்கு மேல். அது இல்லாமல் போய் இறங்கினால் அங்கே ஓர் அடிகூட என்னால் நகர முடியாது. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தேன்.

எங்களுக்கென்று தனி வண்டிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஆனால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும், வாடகையும் பல மடங்கு. காய்ச்சல் முந்தின நாள் சொல்லிவிட்டா வருகிறது? அப்புறம் திரும்பி வருவது இன்னொரு பாடு: டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் தாமதமானால் ஏற்பாடு செய்த வண்டி அடுத்த சவாரிக்குப் போய்விடும்.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, அவர்கள் விரும்பும் விதத்தில், விரும்பும் நேரத்தில், கட்டுப்படியாகும் செலவில் நடமாட வழி செய்ய வேண்டும் என்கிறது. அதில் "விரும்பும் நேரத்தில்" என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாலைந்து சிறப்பு வண்டிகளை விட்டுவிட்டு வரிசையில் நில் என்பது அதற்குப் பதில் ஆகாது. லண்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்து கறுப்பு டாக்ஸி ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலி ஏற வசதி இருந்தாக வேண்டும், அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்பதும் அங்கே சட்டப்படி குற்றம். தெருவில் போகிற சாதாரண வண்டியே எனக்கும் ஆகும் என்றால் எவ்வளவு நிம்மதி!

சாய்தளம் வைத்தால் மட்டும் போதாது, ஓட்டுநருக்குப் பயிற்சியும் வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பட்டைகளை நாற்காலியின் சட்டத்தில் மாட்டி இறுக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக சீட் பெல்ட். ஒருமுறை ஒருவர் பட்டையைக் கைப்பிடியில் கட்டினார், அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி. முதல் வளைவிலேயே கையோடு வந்துவிட்டது, வீடு வரும்வரை முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஓட்டுநர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏற்றி இறக்க ஆகும் பத்து நிமிடத்துக்கு அவர்களுக்குக் காசு கிடையாது, வண்டியை மாற்றிக் கட்டும் செலவையும் கடனில் வண்டி ஓட்டுகிறவர் தலையில் போட முடியாது. அந்த இரண்டையும் அரசும் செயலி நடத்தும் நிறுவனங்களும்தான் ஏற்க வேண்டும், பயணியிடம் வாங்கக் கூடாது. புதிதாக வாடகை வண்டி உரிமம் கொடுக்கும்போதே இத்தனை வண்டியில் சாய்தளம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வாசல்வரை வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டு ரத்து செய்த சவாரிகள் எத்தனை என்று அந்த நிறுவனங்கள் மாதாமாதம் கணக்கு வெளியிடட்டும், அதைக் கேட்டு வாங்கி உங்கள் நாளிதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் பயணிக்கும் ஒரு வாசகி