மோட்டார் காயில் கட்டும் முன் இரண்டு அளவு எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடைமடைத் தோப்புகளில் ஒருமுனை மோட்டார் உறுமிவிட்டு நின்றால், உடனே கழற்றிக் காயில் கட்ட, அதாவது உள்ளே உள்ள கம்பிச் சுற்றை மாற்றக் கொண்டுபோகிறார்கள். குறை வயரில் இருந்தால், கட்டிய காயிலும் கருகத்தான் செய்யும்.

மின்வலை எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், இரு முனைகளிலிருந்து பார்த்தால் ஒரு வோல்ட்டேஜ், அதோடு தொடராக ஒரு தடை என்று சுருக்கிவிடலாம். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் தெவெனின் 1883-ல் சொன்னது இது. பாலிடெக்னிக்கில் தாளில் போடும் இந்தக் கணக்கை மோட்டார் கொட்டகையிலேயே போடலாம்.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டருக்கு வரும் வோல்ட்டேஜைப் பாருங்கள். 228 என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 2000 வாட் வாட்டர் ஹீட்டரைத் தண்ணீரில் வைத்துப் போடுங்கள். வோல்ட்டேஜ் 208, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்பியர். இறங்கிய 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5 ஓம். தொடராக நிற்கும் அந்தத் தடை இதுதான். பக்கத்துத் தோப்பு மோட்டார் ஓடத் தொடங்கினாலே அளவு மாறிவிடும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து, மூன்று முறையாவது எடுக்க வேண்டும்.

முழு 230 வோல்ட்டில் புறப்படும்போது 40 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், அந்தக் கணத்தில் 5.75 ஓம் தடை போலத்தான். 2.5 ஓமோடு அது தொடரில் நின்றால் மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 160 வோல்ட். சுழல்விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதிகூடத் தேறாது. உறுமலுக்குக் காரணம் இதுவே. சுழலாமல் நிற்கும் நேரமெல்லாம் காயில் சுடுகிறது.

ஹீட்டர் ஓடும்போதே மீட்டர் பெட்டியிலும் பாருங்கள். அங்கே இறக்கம் 4 வோல்ட் என்றால், மின்வாரியத்தின் பக்கம் 0.5 ஓம், நம் வயரில் 2 ஓம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 4.6 ஓம். கொட்டகை 150 மீட்டர் தொலைவென்றால் போக வர 300 மீட்டர், 1.4 ஓம். மிச்சம் 0.6 ஓம் ஜாயிண்டுகளில். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். 8 ஆம்பியரிலேயே அங்கே 38 வாட் சூடு. ஹீட்டர் ஓடும்போது ஒவ்வொரு ஜாயிண்டின் இருபுறமும் மீட்டர் முனைகளை வையுங்கள். வோல்ட் கணக்கில் காட்டுவதுதான் கெட்டது. வெட்டி, சுத்தம் செய்து, லக் என்னும் உலோக முனையை வைத்து அழுத்த வேண்டும். நியூட்ரல் பக்கத்தையும் விடக்கூடாது.

மின்சாரம் ஓடும்போது எடுக்கும் அளவுகள் இவை. உரிமம் பெற்ற வயர்மேனே எடுக்க வேண்டும், ஈரத் தரையில் நின்று கூடாது.

மின்பொறியியல் வாசகர்கள்,
திருத்துறைப்பூண்டி