அந்த டயரை ஒட்டாதே, கண்ணு

நாமக்கல்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, ஆணி ஏறிய டயர் படத்தை நேற்று ராத்திரி பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். "ஒட்டலாமா, புதுசு போடணுமாப்பா?" என்று போனில் கேட்டாய். "மாத்திடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் சரிப்பா என்றாய், ஆனால் குரல் இழுத்தது. கடைக்காரர் நூற்றைம்பது ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார், அப்பா பத்தாயிரத்தைச் செலவு பண்ணச் சொல்கிறாரே என்று தோன்றியிருக்கும். தோன்றினால் தப்பில்லை. குடைக்கம்பி உடைந்தால்கூடத் தூக்கிப் போடாமல் சரிபண்ணி வைத்த வீட்டில் வளர்ந்தவள் நீ. அதனால்தான் காரணத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆணி ஏறியிருக்கும் இடத்தைப் பார். ரோட்டில் படுகிற பாகத்தின் நடுவில் ஏறியிருந்தால், ஒட்டிக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன். அங்கே ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஓடுகிறது, உருளும்போது அந்த இடம் அதிகம் மடங்காது. ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, உள்பக்கமாக ஒழுங்காக ஒட்டினால் பயமில்லாமல் ஓட்டலாம். உன் டயரில் ஆணி ஓரத்துப் பட்டனையும் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை) தாண்டி, தோள் வளைந்து பக்கவாட்டில் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் மடங்கி நிமிரும். உன் கார் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 தடவை சுற்றும். ஓசூரிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் எத்தனை மடங்கல் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். அந்த இடத்தில் எந்தப் பேட்ச் பிடித்து நிற்கும்? பக்கவாட்டில் எஃகுப் பட்டையும் கிடையாது, நூல் இழைதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. ஆணி அறுத்த இழையை எந்தப் பசையும் திரும்பச் சேர்க்காது.

இன்னொன்றும் சொன்னாய். காற்று இறங்கியது தெரியாமல் அத்திப்பள்ளிக்கு முன்னாலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்ததாக. எனக்கு ஆணியைவிட இதுதான் பெரிய கவலை.

ரீட்ரெடிங் பட்டறையில் 22 வருஷம் நான் பார்த்த வேலை என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வருகிற லாரி டயரை விரித்து வைத்து, உள்ளே விளக்கைப் பிடித்து, வெறுங்கையால் ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்க வேண்டும். மேலே புது ரப்பர் போட இந்த டயர் தாங்குமா, தாங்காதா என்று சொல்வதுதான் வேலை. காற்றில்லாமல் ஓடிய டயர் கையிலேயே தெரிந்துவிடும். உள்ளே கரும்பொடி உதிர்ந்து கிடக்கும், பொடித்த மிளகு மாதிரி விரலில் நரநரவென்று ஒட்டும். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்சுவர் ஒன்றோடொன்று தேய்ந்த பொடி அது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சுவரைச் சுற்றி ஒரு வளையம் தெரியும், சொரசொரப்பாக. வெளியே பார்த்தால் புது டயர் மாதிரி பளபளவென்று இருக்கும். ஓனர்கள் சண்டைக்கு வருவார்கள், நல்ல டயரை ஒதுக்கிவிட்டாய் என்று. அவர்கள் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டுவேன். அப்புறம் பேச மாட்டார்கள்.

டயரைக் கழற்றாமல், வெளியிலிருந்தே பசை தடவிய ரப்பர் திரியைக் குத்திவிட்டால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? காற்று நிற்கும். சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வராது. சரியாகிவிட்டது என்றுதான் நினைப்போம்.

தொப்பூர் கணவாயில் நம் வேன் டயர் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? 2008, நீ நாலாவது படித்தாய். ஒகேனக்கல் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். இறக்கத்தில் பின்பக்கம் இடது டயர் வெடித்து, வண்டி ஒரு அலைப்பு அலைந்து, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார். நீயும் தம்பியும் ரோட்டோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றீர்கள். இப்போதும் அதை ஜாலியான கதையாகத்தான் சொல்கிறாய். அந்த டயரின் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தது, கண்ணு. எனக்குத் தெரியும். பழைய டயர் துண்டு ஒன்றை வெட்டி உள்ளே வைத்து, டியூபை ஒட்டி, நானேதான் மாட்டினேன். ஊரார் டயரையெல்லாம் ஒதுக்கியவன், அந்த மாசம் கையில் காசு இல்லை என்று நம் வண்டிக்கு மட்டும் ஒட்டிவிட்டேன். உன் அம்மாவுக்கும் இதுவரை தெரியாது.

சரி, நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முன்பக்கம் இரண்டு டயரையும் சேர்த்தே மாற்றிவிடு. இன்னொன்றிலும் 3 மில்லிமீட்டர் பட்டன்தான் மிச்சம், தேய்மான எல்லையைக் காட்ட பள்ளத்துக்குள் வைத்திருக்கிற சின்ன ரப்பர் மேடு 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது, அதைத் தொட இன்னும் கொஞ்ச நாள்தான். புது டயர் இரண்டையும் பின்னால் போடச் சொல், பின்னால் இருக்கிறதை முன்னால் கொண்டு வரட்டும். கடையில் தலைகீழாகச் சொல்வார்கள், கேட்காதே. மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பிடிமானம் திரும்ப வாய்ப்பு உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வால் திரும்பிவிடும், அதைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும், 1425 என்றால் 2025-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. பழைய சரக்காக இருந்தால் வேறு கேள். பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்க்காமல் வண்டியை எடுக்காதே.

போன வருஷம் பின் வலது டயரில் நடுவில் திரி குத்தினாயே, அதை மாற்ற வேண்டாம். கழற்றி உள்ளே பார்த்து, திரியை எடுத்துவிட்டுக் காளான் மாதிரி இருக்கிற பேட்ச் வைக்கச் சொல். அது போதும்.

பணம் இன்று அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பாதே.

கழற்றின டயரைக் கடையில் விட்டுவிடாதே. யாராவது ஒட்டி இன்னொருத்தர் வண்டிக்குப் போட்டுவிடுவார்கள். டிக்கியில் போட்டுக்கொண்டு வா. உள்ளே விளக்கைப் பிடித்து ஒரு தடவை நான் தடவிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா